தேடினால் கிடைக்காத மாப்பிள்ளை

"தம்பி, உங்க பேரைப் போட்டா ஒண்ணுமே வரலையே லா," என்றார் தங்கராஜு.

பெண்ணின் பெரியப்பா. போலீசில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கைப்பேசியைத் தீபன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

உண்மையிலேயே ஒன்றுமில்லை. யாரோ ஒரு தீபன் கிள்ளானில் டயர் கடை வைத்திருந்தார். அவ்வளவுதான்.

தீபனுக்குப் பெருமையாக இருந்தது. எத்தனை வருட உழைப்பு!

உலு திராமிலிருந்து அம்மா செல்வராணியோடு சாஆ என்கிற சின்ன ஊருக்குப் பெண் பார்க்க வந்திருந்தான். லோஷினி தேநீரை வைத்துவிட்டு உள்ளே போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்த நொடியே அவன் முடிவு செய்துவிட்டான்.

அந்தத் தெம்பில்தான் பேச ஆரம்பித்தான்.

"நானா வேணும்னு செஞ்சதுதான் அங்கிள். சிங்கப்பூர்ல சாப்ட்வேர் வேலை பார்க்கறேன், உள்ள நடக்கறது எனக்குத் தெரியும். டார்ச் லைட் அடிக்கிற ஆப்புக்கு எதுக்கு என் சொந்தக்காரங்க நம்பர்? சட்டை வாங்கப் போனா கடைக்காரனுக்கு எதுக்கு என் பொறந்த தேதி? நம்மளப் பத்தி யாருக்கு என்ன தெரியணும்னு நாமதான் முடிவு பண்ணணும்."

ஆபீசில் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். இங்கே யார் தலையும் அசையவில்லை.

"நான் பிடிச்ச திருடனுங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவானுங்க," என்றார் தங்கராஜு.

பெரியம்மா வாசுகி கடித்த முறுக்கைப் பாதியில் நிறுத்தினார்.

"சிங்கப்பூர்ல வேற குடும்பம் ஏதாச்சும்..." என்று கணவர் காதில் அவர் கிசுகிசுத்தது, வாசலில் யாராவது நின்றிருந்தால் அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"அலமாக்! என் பிள்ளை அப்படியெல்லாம் இல்லீங்க!" செல்வராணி பதறினார்.

"இருக்காது, இருக்காது," என்றார் தங்கராஜு, இருக்கும் என்கிற குரலில். "ஆனா பாருங்க, போன வாரம் நம்ம வீட்டுக்கு ஏர்கோன் கழுவ வந்தவருக்குப் படம் இருக்கு. பத்துப் பேர் நட்சத்திரம் குடுத்திருக்காங்க. மாப்பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம்கூட இல்லையே!"

தீபன் பையிலிருந்து அடையாள அட்டையை எடுக்கப் போனான்.

கை பாதியில் நின்றது. அடுக்குமாடிக் காவலாளி கேட்டாலே அட்டையைக் காட்ட மாட்டேன் என்று வாதாடுகிறவன்.

அந்தத் தயக்கத்தைத் தங்கராஜு பார்த்துவிட்டார். புருவம் மெல்ல மேலே ஏறியது.

கொள்கையா, லோஷினியா?

அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

சார்ஜன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டியும் பார்த்தார்.

"சரி. நாங்க கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்."

கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். செல்வராணி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தன்னைப் பற்றி ஊருக்கு ஏதாவது ஒன்று, ஒரே ஒரு பிறந்தநாள் கேக் படமாவது, தெரிந்திருக்கக் கூடாதா என்று தீபன் முதல்முறையாக ஏங்கினான்.

"பெரியப்பா."

உள்வாசல் திரைக்குப் பக்கத்தில் லோஷினி நின்றிருந்தாள். சாஆ கிளினிக்கில் நர்ஸ். ஊசி போடுகிறவர்களுக்கு உரிய நிதானமான குரல்.

"அவர் பேரைத் தேடினா வராது. அத்தையோட பேஸ்புக்குக்குப் போங்க. அங்க 'அப்பு'ன்னு தேடிப் பாருங்க."

தீபன் அம்மாவைப் பார்த்தான். அம்மா மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தார்.

அப்பு, வீட்டில் அவனைக் கூப்பிடுகிற பெயர். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தான்.

தங்கராஜு கண்ணாடியை இறக்கிக்கொண்டார். விரல் திரையில் கீழே போனது. இன்னும் கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. சார்ஜனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, கடைசியில் தோள் குலுங்கியது. கைப்பேசியை மனைவியிடம் கொடுத்தார்.

"ஐயோ, பாவம் பிள்ளை!" என்றார் வாசுகி. இப்போது அந்தக் குரலில் சந்தேகமே இல்லை. பாசம்தான் இருந்தது.

கைப்பேசி கூடத்தைச் சுற்றி வந்து தீபனிடம் சேர்ந்தது.

பத்துமலையில் மொட்டைத் தலையோடு அப்பு. கார் ஓட்டும் சோதனையில் மூன்றாம் முறை தோற்ற அப்பு. பல்லி விழுந்ததால் நாற்காலி மேல் ஏறி நிற்கும் அப்பு.

எல்லாவற்றுக்கும் மேலே, போன மாதப் படம். ஆபீசில்கூட 'சொந்த வேலை' என்று மட்டும் சொல்லி லீவு எடுத்த நாள். மருத்துவமனைக் கட்டிலில் அப்பு குப்புறப் படுத்திருந்தான். அம்மா எழுதியிருந்தார்: 'என் அப்புவுக்கு மூலநோய் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேண்டிக்கொண்ட அனைவருக்கும் நன்றி.'

நானூறு பேருக்கு மேல் கைகூப்பியிருந்தார்கள்.

தீபன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

"பொண்ணு நீ என்னம்மா சொல்றே?" என்று தங்கராஜு கேட்பது காதில் விழுந்தது.

தீபன் நிமிர்ந்து பார்த்தான். லோஷினி அவனைப் பார்க்கவில்லை. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனும் பார்த்தான்.

கூடத்தில் இருந்த எல்லோருக்கும் வெறும் மரநாற்காலி. அவன் நாற்காலியில் மட்டும், வந்ததிலிருந்தே, இரண்டு மெத்தை போட்டிருந்தது.