நினைவில் வை

படமே இல்லாத ஆன்லைன் விளையாட்டு அது, எல்லாம் எழுத்துதான். புதிதாக ஒருவர் தன் பெயரைச் சொன்னதும் ‘நினைவில் வை’ என்று தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அவர் எத்தனை முறை எதிரே வந்தாலும் தோற்றம் மட்டும்தான் திரையில் வரும்.

நான்கு வருடங்களாக, செல்வினின் வீரன் அடிபட்டு விழுந்தபோதெல்லாம் ஓடிப்போய்க் கட்டுப் போட்டவள், பூரணி ஆடும் மருத்துவச்சி நீலாம்பல். போன ஞாயிறு கூட ஆடுகிறவர்கள் எல்லோரும் முதன்முதலாக ஒரு டீக்கடையில் கூடி, போனில் ஆட்டத்துக்குள் நுழைந்தார்கள். பூரணி செல்வினின் திரையை எட்டிப் பார்த்தாள். மற்றவர்கள் எல்லாம் பெயரோடு இருந்தார்கள். கடைசி வரி, ‘குட்டையான ஒரு பெண் நிற்கிறாள்.’

“என் பேர நீங்க பதியவே இல்லையா?”

“அட, நீங்கதான் கூப்பிடாமலே வந்துடுவீங்களே!” என்று சிரித்தான். டீயை ஆற்றிக் குடித்தான்.

மறுநாள் ஆட்டத்தில், ஒரு காட்டில் அவன் வீரன் அடிபட்டுச் சாய்ந்தான். பூரணி ‘மறைந்துகொள்’ என்று தட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். அவன் கண்ணுக்கு அங்கே யாரும் இல்லை.

“யாராச்சும் இருக்கீங்களா?” என்று எழுதினான்.

மருந்து அவள் கையில்தான் இருந்தது. பெயரைச் சொல்லட்டும், கொடுத்துவிடலாம் என்று காத்திருந்தாள். சற்றுப் பொறுத்து அடுத்த வரி வந்தது.

“அந்தக் குட்டப் பொண்ணு எங்கய்யா தொலைஞ்சா?”