பதினான்கு வீட்டுத் தண்ணீர்

பதினான்காவது பாட்டிலுக்கும் கருவி அதே எண்ணைக் காட்டியது.

சுத்தம்.

அவள் குதிக்காத குறைதான். சாயப்பட்டறைக்குப் பின்னால் இருக்கிற தெரு அது. அங்கே வெள்ளை வேட்டியை இரண்டு தடவை அலசினால் ரோஸ் ஆகிவிடும். அந்தத் தண்ணீரில் சாயக் கழிவு துளிகூட இல்லையாம்.

பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பதினான்கு வீட்டுக்கும் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை ஒரே எண். அவ்வளவு ஒற்றுமை அந்தத் தெருவில் வேறு எதிலும் கிடையாது.

கல்லூரியில் அவளுடைய மூன்றாம் வருட ஆய்வு இது. திங்கட்கிழமை இந்தப் பட்டியல் ஊராட்சி அலுவலகத்துக்குப் போகிறது. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று போனால், அந்தத் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் இந்த ஜென்மத்தில் வராது.

பாட்டிலைச் சரியாகக் கழுவினாயா என்று கெமிஸ்ட்ரி மேடம் கேட்டார். கழுவியிருந்தாள். கழுவாவிட்டால் எண் ஏறியிருக்கும், இறங்கியிருக்காது.

கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தெருவை நினைத்துப் பார்த்தாள்.

எல்லா வீட்டிலும் போர்வெல் குழாய் வாசலிலேயே இருந்தது.

எல்லா வீட்டிலும் பாட்டிலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

உள்ளே.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆய்வகமே திரும்பிப் பார்த்தது.

புதுப் பாட்டில்களோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

முதல் வீடு துளசிமணியக்காவுடையது. கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. ஆமாம், கேன் தண்ணீர்தான். வருகிறவர்களுக்கு என்று அடுப்படியில் ஒரு கேன் வைத்திருப்பார்கள். தெரு முழுக்க ஒரே வண்டியில்தான் வாங்குகிறது.

“வெயில்ல வந்து தண்ணி கேக்கற புள்ளைக்கு, அந்தத் தண்ணியவா கண்ணு குடுக்கறது?”

நீங்கள் குடிப்பதுதான் எனக்கு வேண்டும் என்று அவள் சொன்னாள்.

விஷயம் தெருவில் பரவியது. பரவியதும் போட்டி ஆரம்பித்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர்தான் மோசம் என்றார் ஒருவர். எங்களுடையதை முகர்ந்து பார் என்றார் எதிர்வீட்டுக்காரர். இன்னொருவர் குடத்தின் அடியில் தங்கியதைக் கலக்கியே எடுத்து வந்தார். அதெல்லாம் வேண்டாம் என்று புரியவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த முறை குழாயைத் திறந்ததும் பிடித்ததும் அவளே.

மறுநாள் காலை பதினான்கு எண்கள் வந்தன. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. எல்லாமே மோசம்.

சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு கெட்ட எண்களுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பழைய எண்களை அடித்துவிடச் சொன்னார் மேடம்.

பேனாவை எடுத்தாள். அடிக்க மனம் வரவில்லை.

பதினான்கு வீட்டுக்கும் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். கெட்ட எண்களுக்கு மேலே, ‘அவர்கள் குடிப்பது’ என்று தலைப்புப் போட்டாள்.

நல்ல எண்களுக்கு மேலே, ‘எனக்குக் கொடுத்தது’.