ஐந்து மணி ஷட்டர்

பேறுகால உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக நான்கு நிமிடம். ஐந்தானதும் ஈவிரக்கமில்லாமல் ஷட்டரை இறக்கச் சொல்வதில் நான்காம் கவுன்ட்டர் குமாஸ்தா பேர்போனவர். அவர் தோளில் இப்போது ஒரு மூன்று மாதக் குழந்தை தூங்குகிறது. "பதினோரு பக்கம் சார், ஒத்தைக் கையால எழுத முடியல, கொஞ்சம் பிடிங்க" என்று அதன் அம்மா ஜன்னல் வழியே நீட்டியதை, ஏதோ சான்றிதழ் என்ற நினைப்பில் நிமிராமலே வாங்கிவிட்டார். சாய்ந்த வெயிலில் அவர் சட்டைத் தோளில் அதன் எச்சில் மினுங்குகிறது. தினமும் மேசை அதிர விழும் ரப்பர் ஸ்டாம்ப், இன்று காகிதத்தின்மேல் பூனைக்கால் வைத்து இறங்குகிறது. வரிசையில் மிச்சமிருக்கும் ஏழு தாய்மார்களும் இருமக்கூடப் பயந்து நிற்கிறார்கள். மணி ஐந்து. பியூன் வந்து, கிறீச்சிடும் அந்தத் தகர ஷட்டரில் கை வைக்கிறார்.

"விடுய்யா அதை" என்று கிசுகிசுக்கிறார் குமாஸ்தா.

"அஞ்சாச்சு சார்."

"ஆகட்டும். முழிச்சுக்கிட்டா நீயா தூங்க வைப்ப? அடுத்த ஆளை வரச் சொல்லு."

குழந்தையின் அம்மா எப்போதோ எழுதி முடித்துவிட்டாள். வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி நிதானமாகச் சரிபார்க்க ஆரம்பிக்கிறாள்.