துவைகல்

மகனின் ஆபரேஷனுக்காக நிலத்தை விற்க அனுமதி கேட்டு வந்த மாரக்காளிடம் தாசில்தார் பட்டாவைத் தட்டிக் காட்டினார்.

“நிலமில்லாதவங்களுக்கு கவர்மென்ட் குடுத்ததும்மா. விக்கக் கூடாதுன்னு கண்டிசன். உங்க நல்லதுக்குத்தான்.”

“பக்கத்துல எங் கொழுந்தனுக்கும் இதே கண்டிசன்லதான சார் குடுத்தீங்க? அதுல எவனோ பண்ணை வீடு கட்டி நிக்கிறான்.”

“அங்க எல்லைக் கல்லே இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. கல் இல்லாம எந்த நிலம்னு அளக்குறது?”

மாரக்காளுக்கு உச்சந்தலை கொதித்தது. நேராகப் பண்ணை வீட்டுக்குப் போனாள். ஆறு வருசமாக அவள் அங்கேதான் துணி துவைக்கிறாள். துவைகல்லில், எல்லைக் கல்லுக்கென்று சர்வேக்காரர்கள் வெட்டும் அம்புக்குறி இருப்பதை முதல் நாளே பார்த்திருந்தாள். பிழைப்புக்குப் பயந்து, குறியைக் கீழே திருப்பிப் போட்டவளும் அவள்தான்.

சோப்பு நுரை காயாத கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குள் நுழைந்தாள். வாசலில் தடுத்த பியூன் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு ஒதுங்கினான். தாசில்தாரின் மேஜைமேல், பட்டாவின்மேலேயே, கல்லைப் போட்டாள். மேஜைக் கண்ணாடி நொறுங்கியது.

“இந்தாய்யா கல்லு. எந்திரிச்சு வந்து அள.”