விட்டுவிட்டு வந்த பிள்ளை

"திரும்பத் திரும்ப போன் பண்ணாதே. பிள்ளையைப் பார்த்துக்கிற பொண்ணு கோவிச்சுக்கப் போறா," என்றான் கணவன், ஷூவை மாட்டிக்கொண்டே.

"கோவிச்சுக்கட்டும். விட்டுட்டு வந்து மூணு நாளாச்சு. எனக்குச் சோறே இறங்கலை."

"சூடு, காத்து எல்லாம் அளவா வச்சிருக்காங்க. நம்ம வீட்டைவிட வசதி."

"போன ரெண்டு தடவையும் இதையேதான் சொன்னீங்க."

அப்போது போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அக்கா, லேப்ல இருந்து பேசறேன். நேத்து நாலு செல்லா இருந்த கரு, இன்னிக்கு எட்டாப் பிரிஞ்சிருக்கு. மைக்ராஸ்கோப்ல இப்பதான் பார்த்தேன். நாளன்னைக்கு உங்க வயித்துல வச்சிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

முந்தைய இரண்டு கருவும் நாலு செல்லோடு நின்றுபோயிருந்தன. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் குனிந்து போனில் கேட்டான். "எந்த செல் கண்ணு, எது மூக்குன்னு தெரியுதாம்மா?"

"எட்டும் இப்போ ஒண்ணு போலத்தான் சார். எது என்னவா ஆகணும்னு இனிமேதான் முடிவாகும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ ஒரு உதவி பண்ணும்மா. மூக்கு மட்டும் இவர் மாதிரி வேண்டாம்னு அதுங்ககிட்ட இப்பவே சொல்லி வை."