நனையாத விறகு

"இடைக்குள்ளை என்ரை கையே போகுது, விக்னராஜா. இறுக்கி அடுக்கும்" என்றாள் கிளறா.

விறகு கொண்டுவந்தவன் சிரித்துக்கொண்டே குனிந்தான். சுவரோரம் அடுக்கியதைக் கலைத்து, கட்டைகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்தான். இடுப்பளவு நின்ற அடுக்கு தொடையளவுக்கு இறங்கிவிட்டது.

"அக்காவை ஏமாத்தேலாது."

"மன்னாரிலை விறகுகாலை வைச்சு விறகு வித்த மனுசன்ரை மகள் நான். சுவரிலை நான் கீறின அந்தக் கரிக்கோடு வரைக்கும் வரோணும். அதுதான் கதை."

விக்னராஜா மறுபடி படியிறங்கிப் போனான். கீழே தள்ளுவண்டியில் இன்னும் கிடந்தது.

அவன் கொண்டுவரும் விறகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கபோ சந்தைப் பக்கம் வாங்கினால் பச்சை ஒலிவ் மரத்தைத் தலையில் கட்டுவார்கள். அறை முழுக்கப் புகைதான் மிஞ்சும். இது எலும்பு போலக் காய்ந்த மரம். நாலு பக்கமும் சீவின மாதிரிச் சதுரமாக இருக்கும். அங்கங்கே ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைத் தட்டிவிட்டால், வைத்தவுடன் பற்றிக்கொள்ளும்.

இந்த மாரி மழையில் காய்ந்த விறகு எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்டாள். "அது தொழில் ரகசியம், அக்கா" என்றான். வேலை பறிபோய் நின்ற பெடியன். எப்படியாவது பிழைக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். மகள் அனிற்றாவின் நெஞ்சுச் சளிக்கு அறை காய்ந்து இருக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு அதுதான் பெரிசு.

பிழைக்க வந்த இந்த வெளிநாட்டுத் துறைமுக நகரத்தின் கால்சாப் பகுதியில், கடலைப் பார்த்து நின்ற பழைய மாளிகை அது. அந்தக் காலத்து உலக யுத்தத்தில் குண்டு விழுந்து இடிந்த பின்பக்கத்தை யாரும் திருத்தவில்லை. முதல் மாடியில் இவர்கள் மட்டுந்தான் குடியிருந்தார்கள். மேலே போகும் படிக்கட்டைக் கல் வைத்து அடைத்திருந்தது. பின்பக்கம் எந்த ஒழுங்கையில் போய்த் திறக்கிறது என்று கிளறா ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் வீட்டுக்காரன் வந்து, வீட்டை விடச் சொன்னான். திருத்தி நல்ல வாடகைக்குக் கொடுக்கப் போகிறானாம். நோயாளிப் பிள்ளையோடு எங்கே போவது என்று அவள் கணவன் யாக்கோபு கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீங்கள் போகாட்டில் வீடே உங்களைக் கலைக்கும்" என்றுவிட்டு வீட்டுக்காரன் இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. யாக்கோபு துறைமுகத்துக்கு வேலைக்குப் போனபின், பட்டப்பகலில், தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள். பாரமான எதையோ இழுத்தார்கள். பிறகு கறகறவென்று ஓர் ஓசை, யாரோ பல்லை நறநறக்கிற மாதிரி.

வீட்டுக்காரன்தான் ஆள் வைத்து வெருட்டுகிறான் என்று கிளறா முடிவு கட்டிவிட்டாள். யாக்கோபுவிடம் சொன்னால் அவன் சண்டைக்குப் போவான். Questura பொலிஸ், permesso வதிவிட அனுமதி என்று அது எங்கே போய் முடியுமோ. அவள் வாயைத் திறக்கவில்லை. இன்று காலையும் அந்த ஓசை விடாமல் கேட்டது. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பிள்ளையை மடியில் வைத்தபடி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

விக்னராஜா கடைசிக் கட்டுடன் மேலே வந்தான்.

"வரேக்கை வாசலிலை ஆரையும் கண்டனீரோ, தம்பி?"

"இல்லையே. ஏன்?"

"மேலை ஆரோ உலாவுற மாதிரிக் கிடக்கு."

"எலியாயிருக்கும். இஞ்சை எலியள் பூனை அளவிலையெல்லே."

அவன் அடுக்கத் தொடங்கினான். அடுக்கு கரிக்கோட்டைத் தொடும் நேரம் மேலே 'டிக்' என்று ஏதோ விட்டது. விளக்குத் தொங்கும் இடத்திலிருந்து மூலைவரை முகட்டில் ஒரு வெடிப்பு ஓடியது. கட்டில் போர்வையில் வெள்ளையாகத் தூள் கொட்டியது.

கிளறா பாய்ந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கினாள். நெற்றியில் சிலுவை போட்டாள். அனிற்றா இருமிவிட்டு மீண்டும் அவள் தோளில் சாய்ந்தது.

"பழைய வீடுதானே, அக்கா. மழைக்கு ஊறியிருக்கும்" என்றான் விக்னராஜா. ஆனால் அவன் முகமும் சரியில்லை.

"என்ன, சுகமில்லையோ?"

"அதில்லை." கையைக் காற்சட்டையில் துடைத்தான். "இதுதான் கடைசி விறகு, அக்கா. இனிக் கொண்டுவரமாட்டன்."

"ஐயோ, பிள்ளைக்கு இன்னும் சளி மாறேல்லை. விறகு முடிஞ்சுதோ?"

"முடியேல்லை. கோயிலடி ஒழுங்கையாலை ஏறினால் ஒரு இடிஞ்ச வீடு. ஆளில்லை, கேள்வியில்லை. நிலத்துப் பலகையைக் கிளப்பிப்போட்டு, அதைத் தாங்கிற தீராந்தி மரங்களை வாளாலை அறுத்துத்தான் இவ்வளவு நாளும் கொண்டந்தனான். இன்னும் ஒண்டு மிச்சம். இண்டைக்கு அதிலையும் பாதி அறுத்துப்போட்டு, விட்டிட்டு ஓடியந்திட்டன்."

"ஏன், இடிஞ்சு விழுந்திடும் எண்டோ?"

"விழுந்தால் விழட்டும், அங்கை ஆர் இருக்கினம்?" அவன் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. "அது பேய் வீடு, அக்கா. காலமை வாளை வைச்சிட்டு நிலத்திலை காதைக் குடுத்துக் கேட்டனான்."

"என்னத்தை?"

"கீழை ஒரு பொம்பிளை தமிழிலை செபம் சொல்லுறாள்."