வாய்விட்டுச் சொல்லவும்

"மனசுல என்ன தோணுதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லணும். நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். ஆனா ஒரு வார்த்தை பேசமாட்டேன். அதான் சோதனையோட விதி."

"நான் பேசணும், மேடம் பேசக் கூடாது. ரெண்டும் நடக்கிற காரியமா?"

போன வாரம் மரப்பட்டறை வாசலில் அவளுக்கும் தச்சருக்கும் நடந்த பேச்சு அது. இப்போது தச்சர் அவளுடைய ஆபீஸில், தன் பழைய லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவள். பின்னால் கைகட்டியபடி குழுத் தலைவர்.

"விண்டோஸுக்குப் பதிலா போடற லினக்ஸ் இலவசம்தான், ஆனா இன்ஜினீயருங்களுக்குத்தாம்மா சரிப்படும்," என்று அதற்கு முன்பே சொல்லியிருந்தார் தலைவர். "நம்ம ஆபீஸுக்குக் கதவு போட்டாரே, அந்தத் தச்சரையே கூப்பிடு. அரை மணி நேரத்துல அவர் தனியா அதைத் தன் லேப்டாப்புல போட்டு முடிச்சா, நீ எளிய தமிழ்ல எழுதின திரைகளையே வெளியிடறோம். இல்லைன்னா பழையபடிதான்."

"வேற யாரையாவது கூப்பிடலாமே சார்," என்று அவள் கெஞ்சியும் பலிக்கவில்லை. இரண்டு வருட உழைப்பு அந்த அரை மணி நேரத்தை நம்பி இருந்தது.

தச்சர் பென் டிரைவைச் செருகினார். "ம்."

"'ம்' போதாது. வாய்விட்டு," என்றார் தலைவர்.

"'வணக்கம், தொடங்கலாமா?'ன்னு கேக்குது. மரியாதை தெரிஞ்ச மிஷின்."

வைஃபை கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தார். திரையைப் படித்தார். "தப்பு என்னோடதுதானாம். ஆனா திட்டாம சொல்லுது." திருத்தினார்.

அடுத்த திரையில் கை நின்றுவிட்டது.

'பழையதை வைத்துக்கொண்டே புதியதற்கும் இடம் ஒதுக்கவா? எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கவா?'

எல்லோரும் தடுக்கி விழும் இடம். முன்பு அங்கே 'பார்ட்டிஷன்' என்று இருந்தது. "ப்ளைவுட்டா, கண்ணாடியா?" என்று ஒருவர் ஒருநாள் கேட்டதிலிருந்து, பதினொரு தடவை மாற்றி எழுதியிருந்தாள்.

ஐந்து நிமிடம் போனது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"புரியலையா தச்சரே?"

"நல்லாப் புரியுது சார். பழசை அழிக்க மனசு வரலை. அதைத்தான் யோசிச்சேன்." முதல் பொத்தானை அழுத்தினார்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் புதிய திரை பளிச்சென்று விரிந்தது. அவருடைய கதவு, ஜன்னல் படங்கள் ஒன்றுகூடக் குறையவில்லை.

"தோத்துட்டேம்மா," தலைவர் வாய் கொள்ளாமல் சிரித்தார். "அடுத்த வெளியீடு உன்னோடது. இனி நீ பேசலாம்."

"இருங்க சார்," தச்சர் கை உயர்த்தினார். "எனக்கு இன்னும் ஒண்ணு தோணுது. விதிப்படி சொல்லிடறேன்."

கண் கலங்கி நின்றவளின் பக்கம் திரும்பினார்.

"நீ பெட்டியோட உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பின அன்னிக்கே சொல்லியிருக்கணும். நம்ம வீட்டுக்குத் திரும்பி வந்துடு."